திருப்பலி இல்லாத ஒரு கிறிஸ்து பிறப்பு இரவு

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா என்றதும் நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் முதலில் எழுவது சிறுவயதில் நாம் கண்ட விழாதான். வைக்கோல் பரப்பிய குடில், மூங்கில் சட்டத்தில் வண்ணத்தாள் ஒட்டிய விண்மீன் விளக்கு, தூக்கக் கலக்கத்தோடு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்த நள்ளிரவு, விடியுமுன்னே அடுக்களையிலிருந்து வரும் பலகார மணம் ஆகியவை, மறைக்கல்வி வகுப்புக்கு முன்பே இறைமகன் மனிதரான மறைபொருளை நமக்கு உணர்த்திவிட்டன. பிழைப்புக்காகவோ பணிக்காகவோ தொலைநாட்டில் வாழ்கிறவர்களுக்கு அந்தச் சிறுவயது விழாவின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். நாட்காட்டியில் டிசம்பர் 25 தவறாமல் வருகிறது. அவர்கள் வாழும் தெருவில் அதன் அடையாளம் எதுவும் இருப்பதில்லை.

அந்தத் தொலைநாடு நம் ஊரைவிட வறியதாகவும் இருந்தால் என்ன ஆகும்? சுற்றி வாழ்வோர் நம் விழாவை அறியாதவர்களாகவும், அடுத்த வேளை உணவுக்கே வழியற்றவர்களாகவும் இருந்தால், நாம் சுமந்து சென்ற விழாவில் எஞ்சி நிற்பது எது? நூறு ஆண்டுகளுக்கு முன் இக்கேள்வியைச் சகாராப் பாலைவனத்தின் நடுவே எதிர்கொண்டவர் ஒருவர் உண்டு. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்திய சார்லஸ் தெ ஃபூக்கோ என்னும் அருள்பணியாளரே அவர். அவருடைய வாழ்வில் 1907ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு விழாவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

குடிலும் மரமும் நிறைந்த ஊர்

சார்லஸ் 1858 செப்டம்பர் 15 அன்று ஸ்திராஸ்பூர் நகரில் பிறந்தார். கிறிஸ்து பிறப்பு விழாவின் வரலாற்றில் அந்த நகருக்குத் தனி இடம் உண்டு. அதைச் சூழ்ந்த அல்சாஸ் நிலப்பகுதியிலிருந்துதான் கிறிஸ்து பிறப்பு மரத்தைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகள் சில நமக்குக் கிடைக்கின்றன. செலெஸ்தா என்னும் சிற்றூரின் கணக்கேட்டில் 1521ஆம் ஆண்டிலேயே அம்மரங்களைப் பற்றிய குறிப்பு உள்ளது. ஸ்திராஸ்பூர் மக்கள் வீட்டுக்குள் மரத்தை நட்டு, தாளில் செய்த ரோசாப் பூக்களையும் ஆப்பிள்களையும் இனிப்புகளையும் தொங்கவிட்டதை 1605ஆம் ஆண்டின் குறிப்பொன்று சொல்கிறது. குழந்தை இயேசுவின் பெயரால் அங்கே கூடும் டிசம்பர்ச் சந்தை 1570ஆம் ஆண்டிலிருந்து வருவது.

இத்தகைய ஊரில், செல்வமும் உயர்குடிப் பிறப்பும் உள்ள குடும்பத்தில் சார்லஸ் பிறந்தார். அவருடைய தாய் பக்தி மிக்கவர். ஆலயங்களுக்கு அழைத்துச் சென்றதும், சிலுவையடியில் மலர்க்கொத்து வைக்கப் பழக்கியதும், கிறிஸ்து பிறப்புக் குடில்களும், மரியாவின் வணக்க மாதமும், தம் அறையில் இருந்த சிறு பீடமும் தமக்குக் கிடைத்த அருள்கொடைகள் என்று நாற்பது வயதை நெருங்கும்போது நாசரேத்தில் இருந்தபடி அவர் நன்றியோடு எழுதிவைத்தார். நம்பிக்கை போன பின்னும் அந்தச் சிறு பீடம் தம் அறையில் நிலைத்திருந்தது என்றும் அவர் குறித்திருக்கிறார்.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1864 மார்ச்சில் தாய் மறைந்தார்; அதே ஆண்டு ஆகஸ்டில் தந்தையும் மறைந்தார். ஆறு வயதுகூட நிறையாத சார்லசையும் அவர் தங்கையையும் தாய்வழித் தாத்தா வளர்த்தார். 1870ஆம் ஆண்டுப் போரில் ஸ்திராஸ்பூர் குண்டுவீச்சுக்கு இலக்காகி, பின்னர் அல்சாஸ் ஏறத்தாழ முழுவதும் செருமனியின் வசமானது. குடும்பம் நான்சி நகரில் குடியேறியது. பெற்றோரை இழந்த சிறுவனுக்கு, விழாக் கண்ட ஊரும் வேற்று நாடாகிவிட்டது.

அதன் பின் வந்த கதை பலரும் அறிந்தது. பதினாறு வயதளவில் நம்பிக்கையை இழந்தார், படை அதிகாரியானார், பாட்டனார் விட்டுச்சென்ற செல்வத்தைத் தாராளமாகச் செலவழித்தார். 1883, 1884ஆம் ஆண்டுகளில் யூத ராபியின் வேடத்தில் மொரோக்கோ நாட்டைச் சுற்றி ஆய்வு செய்து, பாரிஸ் புவியியல் கழகத்தின் தங்கப் பதக்கம் பெற்றார். அங்கே இசுலாமியரின் இறைவேண்டலைக் கண்டது அவர் உள்ளத்தை அசைத்தது. 1886 அக்டோபர் இறுதியில் பாரிசின் புனித அகுஸ்தின் ஆலயத்தில் அருள்தந்தை ஊவ்லேனிடம் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை உட்கொண்டார். அவ்வாண்டு டிசம்பர் முதல் அவருடைய வாழ்வில் கிறிஸ்து பிறப்புத் திருப்பலி மீண்டும் இடம்பெற்றது.

பெத்லகேமிலிருந்து ஏழைகளை நோக்கி

1888ஆம் ஆண்டு இறுதியில், தந்தை ஊவ்லேனின் அறிவுரைப்படி அவர் புனித நாட்டுக்குத் திருப்பயணம் சென்றார். பனி மூடிய எருசலேமைக் கண்டு, அவ்வாண்டின் நள்ளிரவுத் திருப்பலியைப் பெத்லகேமிலேயே கண்டார். சிறுவயதில் மரத்தாலும் களிமண்ணாலும் செய்த உருவங்களில் பார்த்த குடில் அங்கே ஊராகவும் மண்ணாகவும் அவர் முன் நின்றது. அங்கிருந்து நாசரேத்துக்குச் சென்றபோது, முப்பது ஆண்டுகள் தச்சராக மறைந்து வாழ்ந்த இயேசுவின் எளிய வாழ்வு அவர் உள்ளத்தை ஆட்கொண்டது.

1890 சனவரியில் அவர் திராப்பிஸ்து துறவியானார். அவ்வாண்டிலேயே சிரியாவின் அக்பெஸ் என்னும் வறிய மடத்துக்குச் சென்றார். அங்கே ஒரு நாள், அருகில் இறந்துபோன ஏழைக் கத்தோலிக்கத் தொழிலாளி ஒருவரின் உடலருகே வேண்டல் செய்ய அவரை அனுப்பினார்கள். அந்த வீட்டைக் கண்ட அவர், அதற்கும் தம் மடத்துக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணி வருந்தினார். வறுமையை நாடி வந்த துறவி, வறுமை தம் மதிலுக்கு வெளியே இருப்பதைக் கண்டுகொண்டார். 1897இல் திராப்பிஸ்து சபையை விட்டு, நாசரேத்தில் கிளாரா சபைக் கன்னியரிடம் பணியாளராகச் சேர்ந்து, தோட்டத்துக் கொட்டிலில் வாழ்ந்தார்.

1901 சூன் 9 அன்று அவர் குருவாக அருள்பொழிவு பெற்றார். நற்கருணை விருந்தை உறவினருக்கும் செல்வருக்கும் அன்றி, குருக்களே இல்லாத இடத்து ஏழைகளுக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது அவரது தீர்மானம். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் அல்சீரியாவின் பெனி அப்பெஸ் பாலைவனச் சோலையை அடைந்தார். அங்கே பிரெஞ்சுப் படை முகாம் இருந்ததால் திருப்பலிக்கு வீரர்கள் வந்தார்கள். ஏழைகளும் வழிப்போக்கரும் அடிமைகளும் அவர் வாயிலை நாடினார்கள். சில அடிமைகளை விலை கொடுத்து மீட்டார். அடிமை முறையைப் பிரெஞ்சு ஆட்சி கண்டும் காணாமல் விட்டதை எதிர்த்து மேலிடங்களுக்குக் கடிதங்கள் எழுதினார். கிறிஸ்தவரும் இசுலாமியரும் யூதரும் தம்மைத் தங்கள் உடன்பிறப்பாகக் கொள்ள வேண்டும் என்பதே அவரது ஆவல்.

இருபது குடிசைகளின் ஊர்

1905 ஆகஸ்டில் அவர் இன்னும் தெற்கே சென்று, ஹொகார் மலைநாட்டின் தமன்ராசெத்தில் குடியேறினார். இன்று பெருநகரமாக வளர்ந்துள்ள அவ்வூரில் அன்று இருபது குடிசைகளே இருந்தன. கறுத்த நிறமுடைய வேளாண் மக்கள் சிறு தோட்டங்களைப் பயிரிட்டார்கள். சுற்றிலும் துவாரெக் இனத்தார் ஆடுகளோடும் ஒட்டகங்களோடும் கூடாரமிட்டு வாழ்ந்தார்கள். அனைவரும் இசுலாமியர். அருகிலிருந்த பெரிய நிலையமான இன் சாலா சுமார் 700 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. கல்லாலும் மண்ணாலும் ஆன அவரது வீடு நீண்டு ஒடுங்கியது. அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. அதில் ஒரு பகுதியே சிற்றாலயம்.

வரலாற்றை எழுதும்போது மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. துவாரெக் மக்கள் 1902 மே மாதம் தித் என்னுமிடத்தில் பிரெஞ்சுப் படையிடம் தோற்றவர்கள். மூன்றே ஆண்டுகளில் அவர்களிடையே வந்த இந்தக் குரு, வென்ற நாட்டின் முன்னாள் படை அதிகாரி; பாலைவனச் சோலைகளின் படைத்தலைவர் லாப்பெரின் அவருடைய பழைய தோழர். ஹொகாரின் தலைவர் மூசா அக் அமஸ்தானின் இசைவோடுதான் சார்லஸ் அங்குக் குடியேறினார் என்றாலும், அந்த இசைவும் தோல்விக்குப் பின் வந்த இசைவே. வெற்றி பெற்றவரின் கையில் உள்ள கொடை, எவ்வளவு அன்போடு தரப்பட்டாலும், பெறுகிறவரைத் தாழ்த்திவிடக்கூடும். அவரோ அதுவரை கொடுப்பவராகவே இருந்தார். மருந்து கொடுத்தார், தானியம் கொடுத்தார், ஊசிகளையும் துணிகளையும் கொடுத்தார். அவர்களிடமிருந்து தமக்கென அவர் பெற்றது சிறிதே.

1907 டிசம்பர்

1906 இறுதியில் அவருக்கு ஒரு துணை கிடைத்தது. இளம் சகோதரர் ஒருவர் அவரோடு வாழப் புறப்பட்டு வந்தார். ஆனால் பாலைவனப் பயணத்தில் நோயுற்று, 1907இன் தொடக்கத்திலேயே திரும்பிச் செல்ல நேர்ந்தது. அதனால் ஒரு பெரிய இடர் எழுந்தது. அக்காலத்துத் திருச்சபை ஒழுங்கின்படி, குரு தனியே திருப்பலி நிறைவேற்ற இயலாது. பதிலுரை கூறவும் பீடப்பணி செய்யவும் ஒருவராவது உடனிருக்க வேண்டும். தமன்ராசெத்திலோ அவரைத் தவிரக் கிறிஸ்தவர் எவரும் இல்லை.

திருப்பலி நிறைவேற்ற வாய்ப்புள்ள இடத்தில் தங்குவதா, திருப்பலியின்றி ஹொகார் மக்களோடு வாழ்வதா? நற்கருணையே தம் உயிர்மூச்சு எனக் கொண்டிருந்த குருவுக்கு இது எளிய கேள்வி அல்ல. முன்பெல்லாம் எந்த விலை கொடுத்தும் திருப்பலியை முன்னிறுத்த வேண்டும் என்றே அவர் எண்ணியிருந்தார். ஆயினும் திருத்தூதர் காலம் முதலே பெரும் புனிதர்கள் பிறரன்புப் பணிக்காகச் சில வேளைகளில் திருப்பலி நிறைவேற்றும் வாய்ப்பைத் துறந்திருக்கிறார்கள் என எண்ணிப் பார்த்து, அங்கேயே தங்கத் துணிந்தார். தமது உள்ளத்தின் இந்தப் போராட்டத்தை 1907 சூலையில், சகாராவின் திருத்தூதரக ஆட்சியாளரான தந்தை கெரேனுக்கு எழுதினார்.

அந்த ஆண்டு ஹொகாரில் கொடும் பஞ்சம். பதினேழு மாதங்களாக மழையே இல்லை என்று அவர் எழுதினார். துவாரெக் மக்களுக்குப் பாலே பேருணவு. புல் கருகியதும் ஆடுகளின் மடி வற்றியது, மனிதரும் மெலிந்தார்கள். தம்மிடம் சேமித்திருந்த தானியத்தை அவர் பசித்த குழந்தைகளுக்கும் முதியோருக்கும் பகிர்ந்தார். நெடுநாளைய கடும் உழைப்பாலும் போதாத உணவாலும் அவர் உடல் ஏற்கெனவே தளர்ந்திருந்தது.

டிசம்பர் 24 வந்தது. யாராவது ஒரு கிறிஸ்தவப் படைவீரர், யாராவது ஒரு பயணி அவ்வழியே வரமாட்டாரா என்று அவர் கடைசி நொடி வரை எதிர்பார்த்திருந்தார். ஒருவரும் வரவில்லை. நள்ளிரவு கடந்தது. இருபத்தோரு ஆண்டுகளில் திருப்பலி இல்லாமல் தமக்கு வந்த முதல் கிறிஸ்து பிறப்பு இரவு இதுவே என்று அவர் துயரத்தோடு குறித்தார். 1886 முதல் எண்ணினால் அந்தக் கணக்கு சரியாக வருகிறது.

அந்த இரவை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பமும் இரசமும் இருந்தன, பீடம் இருந்தது, அருள்பொழிவு பெற்ற குருவும் இருந்தார். ஊருக்குள் பசியில் உறங்கும் குழந்தைகள் இருந்தார்கள். மாட்டுத் தொழுவத்தின் வறுமைக்கும் அங்கே குறைவில்லை. சிறுவயதுக் குடிலில் கண்டவை ஏறத்தாழ எல்லாமே அங்கு உண்மையாகவே இருந்தன. பதிலுரை சொல்ல ஒரே ஒரு மனிதர் மட்டும் இல்லை. அதனால் விழா நின்றுபோனது.

ஆட்டுப்பால்

1908 சனவரி 20 அன்று அவர் நோயில் வீழ்ந்தார். எழவோ நகரவோ முடியவில்லை. சிறிது அசைந்தாலும் மூச்சுத் திணறியது. தமக்கு இறுதி நெருங்கியது என்றே எண்ணினார். அவரிடம் கொடுக்க இனி எதுவும் இல்லை. தானியம் தீர்ந்தது, உடல் வலுவும் தீர்ந்தது.

அப்போது நடந்ததை அவரே தம் உறவினரான மரி தெ போந்திக்கு எழுதினார். அந்தக் கொடிய வறட்சியிலும் நான்கு கிலோமீட்டர் சுற்றளவில் சிறிதளவேனும் பால் சுரக்கும் ஆடு எது எனத் தேடி, அந்தப் பாலை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள் துவாரெக் மக்கள். தங்கள் குழந்தைகளுக்கே பால் இல்லாத ஆண்டு அது. தங்களை வென்ற நாட்டைச் சேர்ந்தவருக்கு, தங்கள் சமயத்தைச் சாராதவருக்கு, தங்கள் கலத்தில் எஞ்சியதைப் பகிர்ந்தார்கள். அவர் பிழைத்தார்.

சனவரி 31 அன்று தந்தை கெரேனிடமிருந்து கடிதம் வந்து சேர்ந்தது. உடன் பதிலுரைக்க ஒருவரும் இல்லாத நிலையிலும் சார்லஸ் திருப்பலி நிறைவேற்றலாம் என்று திருத்தந்தை பத்தாம் பயஸ் இசைவு தந்திருந்தார். படுக்கையிலிருந்து தேறிக்கொண்டிருந்த அவர், நாளை திருப்பலி நிறைவேற்றலாம் என்னும் மகிழ்ச்சியில், தம் நாட்குறிப்பில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குரிய பிரெஞ்சுச் சொல்லையே ஆர்ப்பரிப்பாக இருமுறை எழுதினார். நாட்காட்டியின்படி அந்த விழா முடிந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. அவருக்கோ அன்றுதான் அது வந்தது.

இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். கடிதத்துக்கு முன்பே பால் வந்துவிட்டது. திருப்பலி மீண்டும் கிடைக்குமுன், அவரால் திருப்பலிக்கு அழைக்க முடியாத மக்கள் தங்கள் பகிர்வால் அவரை உயிர்ப்பித்தார்கள். அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்தோர் சிலர், 1886இன் மனமாற்றத்துக்கு இணையான இரண்டாம் மனமாற்றமாக இந்த சனவரி மாதத்தைக் கருதுகிறார்கள். அதுவரை ஏழைகளுக்குத் தாம் வழங்குபவர் என எண்ணியவர், அவர்களிடமிருந்து பெறவும் கற்றார். கையேந்திப் பெறாத வரை உடன்பிறப்பாக இயலாது என்பது அவருக்கு விளங்கியது.

பின்வந்த ஆண்டுகள் அதைக் காட்டுகின்றன. துவாரெக் மொழியையும் கவிதைகளையும் அவர் அம்மக்களிடமே மாணவராக அமர்ந்து கற்றார். அவர் தொகுத்த துவாரெக்-பிரெஞ்சு அகராதி, அவர் மறைந்த பல ஆண்டுகளுக்குப் பின், 1951, 1952ஆம் ஆண்டுகளில் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. 1913இல் ஊக்செம் என்னும் துவாரெக் இளைஞரைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்று தம் உறவினர் வீடுகளில் தங்கவைத்தார். அந்த இளைஞர் அங்கே கம்பளி பின்னக் கற்றுத் திரும்பினார். விருந்தோம்பல் இருபுறமும் நடக்கலாயிற்று.

1916 டிசம்பர் 1, தலைவெள்ளியன்று, உலகப் போரின் குழப்பத்திடையே ஆயுதம் ஏந்தி வந்த குழுவினரால் அவர் தமன்ராசெத்தில் கொல்லப்பட்டார். அவ்வாண்டின் திருவருகைக் காலம் தொடங்க இன்னும் இரண்டு நாள்கள் இருந்தன. அவரைப் பின்பற்றி ஒரு சபையும் அன்று உருவாகியிருக்கவில்லை. இயேசுவின் சிறிய சகோதரர்கள் 1933இலும், இயேசுவின் சிறிய சகோதரிகள் 1939இலும் அந்த விதையிலிருந்து முளைத்தார்கள்.

நமக்கு வரும் கேள்வி

இன்றைய திருச்சபைச் சட்டம், நியாயமான காரணம் இருந்தால் குரு தனியே திருப்பலி நிறைவேற்றவும் இடமளிக்கிறது. ஆயினும் இறைமக்களின் பங்கேற்பே அதன் இயல்பான நிலை என்று அது சொல்லத் தவறவில்லை. ஞாயிறுதோறும் நாம் அரைகுறை மனத்தோடு முணுமுணுக்கும் பதிலுரைகள் எவ்வளவு விலைமதிப்புள்ளவை என்பதை 1907ஆம் ஆண்டின் அந்த இரவு நமக்குச் சொல்கிறது. ஒரு குரு பாலைவனத்தில் வாயிலையே பார்த்துக் காத்திருந்தது, நம்மைப் போன்ற ஒரு பொதுநிலையினரின் குரலுக்காகத்தான்.

சார்லஸ் புனிதராக உயர்த்தப்பட்ட அதே 2022 மே 15இல், அதே பீடத்தின் முன் உயர்த்தப்பட்டவர் நம் மண்ணின் தேவசகாயம் என்பதை நாம் மறக்க முடியாது. நட்டாலத்தில் பிறந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் உயிர் நீத்த அவர், இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். தம் குலத்தின் மேன்மையைத் துறந்து எளியோரோடு சமமாகப் பழகியவர். பொதுநிலையினர் ஒருவரும் இல்லாததால் விழாவை இழந்த குருவையும், பொதுநிலையினராகவே புனிதம் எய்திய இவரையும் திருச்சபை ஒரே நாளில் நம் முன் நிறுத்தியிருக்கிறது.

கிறிஸ்து பிறப்பு விழாவில் ஏழைகளுக்கு உடையும் உணவும் வழங்கும் நற்பழக்கம் நம் பங்குகளில் உண்டு. அது தொடர வேண்டும். ஆனால் அந்த ஏழையின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர் தரும் ஒரு குவளைத் தேநீரை வாங்கிக் குடித்த ஆண்டு எது என்று நம்மை நாமே கேட்டுப் பார்க்கலாம். பெத்லகேமில் பிறந்த இறைமகன் முதலில் செய்தது பெற்றுக்கொண்டதே: மரியாவிடம் பால், யோசேப்பிடம் நிழல், இடையர்களிடம் வணக்கம். கொடுப்பதற்கு முன் அவர் பெற்றார். அந்த வழியில் நடக்க, இவ்வாண்டுத் திருவருகைக் காலத்தில் நமக்கு அருகிலேயே ஒரு வாயில் காத்திருக்கக்கூடும்.